ஒரே தொகுதியில் இரண்டு தீர்ப்புகள்



அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்தில் 1830 முதல் 1860 வரை தலைமை நீதிபதியாக இருந்தவர் லெமுவேல் ஷா. அந்த முப்பது ஆண்டுகளில் அவர் எழுதிய தீர்ப்புகள் ஏறத்தாழ 2,200. ரயில் பாதையும் பெரிய ஆலைகளும் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. அவற்றில் எழுந்த தகராறுகளுக்குப் பழைய ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் நேரான விடை இல்லை. அடிமைமுறை நாட்டையே இரண்டாகப் பிளந்துகொண்டிருந்ததும் அதே காலம்தான். அவர் எழுதியவற்றில் சில, ஒரு நூற்றாண்டு கழித்தும் அமெரிக்கா முழுவதும் எடுத்துக்காட்டப்பட்டன. வேறு சிலவற்றை அழிப்பதற்கும் அதே அளவு காலம் பிடித்தது.

அக்காலத்து மாசசூசெட்ஸ் தீர்ப்புத் தொகுதிகளுக்கு அவற்றைத் தொகுத்தவர்களின் பெயர்தான் பெயர்: பிக்கரிங், மெட்காஃப், குஷிங், கிரே. மெட்காஃப் 4ஆம் தொகுதியின் 49ஆம் பக்கத்தில் ஒரு வழக்கு தொடங்குகிறது. வேலையின்போது கையை இழந்த ரயில் ஓட்டுநருக்கு இழப்பீடு இல்லை என்று அதில் ஷா முடிவு செய்தார். அதே தொகுதியின் 111ஆம் பக்கத்தில் இன்னொரு வழக்கு. தொழிலாளர்கள் சங்கம் சேர்வது குற்றச் சதி ஆகாது என்று அங்கே எழுதியவரும் ஷாதான். இரண்டும் 1842ஆம் ஆண்டின் தீர்ப்புகள். இரண்டுக்கும் இடையில் அறுபது பக்கம் மட்டுமே. தொழிற்சங்க வழக்கறிஞர் இரண்டாவதை மட்டும் எடுத்துச் செல்வார், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலாவதை மட்டும் எடுத்துச் செல்வார். இரண்டையும் சேர்த்துப் படித்தவருக்குத்தான் அந்த நீதிபதி தெரியவருவார். சட்டத் தொழிலில் புதிதாக நுழைபவர் முதலில் பழக வேண்டியது இந்தச் சேர்ந்த வாசிப்பு. சைட்டேஷன் தேடி எடுப்பது அதற்குப் பிறகு வர வேண்டிய வேலை.

ஷா 1781 ஜனவரி 9 அன்று கேப் காட் கடற்கரையில் மேற்கு பார்ன்ஸ்டபிள் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அங்கே சபைப் போதகர். ஹார்வர்டில் 1800இல் பட்டம் பெற்ற பிறகு ஓராண்டு பாஸ்டனில் பள்ளி ஆசிரியராக இருந்தார். ஒரு செய்தித்தாளுக்கும் உதவியாளராக வேலை செய்தார். சட்டக் கல்லூரிகள் பரவாத காலம் என்பதால், டேவிட் எவரெட் என்ற வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்து படித்தார். 1804இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். தொழில் மெல்லத்தான் வளர்ந்தது. ஜூரியை உருக்கிப் பேசும் திறமை அவருக்குப் பெரிதாக இல்லை. வணிகர்களுக்கும் நிறுவனங்களுக்கும் ஆலோசனை சொல்வது, ஆவணம் எழுதுவது, சொத்து விவகாரங்களைத் தீர்ப்பது என்று அறைக்குள் நடக்கும் வேலையில் அவர் பெயர் எடுத்தார். மாநில சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் உறுப்பினராக இருந்தார். பாஸ்டன் 1822இல் ஊர் நிலையிலிருந்து மாநகரமாக மாறியபோது அதற்கான சாசனத்தை வரைந்தவர் அவரே. ஒரு நகரம் எப்படி இயங்குகிறது, அதன் குழுக்களுக்கு எந்த அளவுக்கு அதிகாரம் வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு உள்ளிருந்து தெரியும். பின்னாளில் நகரக் குழுக்களின் முடிவுகளில் கை வைக்க அவர் தயங்கியதற்கு இந்தப் பின்னணி ஒரு காரணமாக இருந்திருக்கும்.

தலைமை நீதிபதி ஐசக் பார்க்கர் 1830இல் இறந்ததும் ஆளுநர் லீவை லிங்கன் ஷாவை அழைத்தார். ஷாவின் ஆண்டு வருமானம் அப்போது 15,000 டாலருக்கும் மேல். நீதிபதியின் சம்பளமோ 3,500 டாலர். அவர் தயங்கினார். செனட் உறுப்பினர் டேனியல் வெப்ஸ்டர் போன்றவர்கள் வற்புறுத்திய பிறகே ஒப்புக்கொண்டார். 26 ஆண்டு வக்கீல் வாழ்க்கைக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு நீதிபதி அனுபவம் ஒரு நாள்கூட இல்லை.

இனி அந்த 4ஆம் தொகுதி. நிக்கோலஸ் ஃபார்வெல் என்பவர் பாஸ்டன் வூஸ்டர் ரயில் நிறுவனத்தில் எஞ்சின் ஓட்டுநர், தினக்கூலி 2 டாலர். 1837 அக்டோபரில் தண்டவாளப் பிரிப்பைப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு ஊழியர் அதைத் தவறான நிலையில் விட்டுவிட்டதால் எஞ்சின் தடம் புரண்டது. சக்கரம் ஏறி ஃபார்வெலின் வலது கை நசுங்கிப் போனது. ஊழியரின் கவனக்குறைவால் பயணி ஒருவர் அடிபட்டிருந்தால் நிறுவனம் பணம் கட்ட வேண்டும். அதில் யாருக்கும் ஐயம் இல்லை. அடிபட்டவரும் அதே நிறுவனத்தின் ஊழியர் என்றால்?

ஷாவின் விடை இப்படிச் செல்கிறது. ஓட்டுநருக்கும் நிறுவனத்துக்கும் இருப்பது ஒப்பந்தம். ஆபத்தான வேலை என்று தெரிந்துதான் அவர் சேர்ந்தார்; அந்த ஆபத்துக்கான விலை கூலியிலேயே அடங்கியிருக்கிறது. சக ஊழியரின் கவனக்குறைவும் அந்த ஆபத்துகளில் ஒன்று. ஆகவே நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை. இங்கிலாந்தில் 1837இல் இதே போக்கில் ஒரு தீர்ப்பு வந்திருந்தது என்றாலும், அந்தக் கோட்பாட்டுக்கு உறுதியான உருவம் தந்தது ஷாவின் எழுத்து. அமெரிக்க மாநிலங்கள் பலவும் அதைப் பின்பற்றின. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையே 1858இல் அதை மதித்து எடுத்துக்கொண்டது. சுரங்கத்திலும் ஆலையிலும் ரயிலிலும் கைகால் இழந்தவர்கள் இரண்டு தலைமுறைக் காலம் இந்தச் சுவரில் மோதித் திரும்பினார்கள். மாசசூசெட்ஸ் 1911இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றித்தான் அதைத் தாண்டியது. இந்தியாவில் அந்தத் தற்காப்பை நீக்கியது 1938ஆம் ஆண்டின் முதலாளிகள் பொறுப்புச் சட்டம். இங்கிலாந்து அதை முழுமையாகக் கைவிட்டது அதற்கும் பத்து ஆண்டுகள் கழித்து.

தர்க்கத்தில் ஓட்டை இல்லாத தீர்ப்பு இது. அதன் பிழை தர்க்கத்துக்கு வெளியே, உலகத்தைப் பார்த்த விதத்தில் இருக்கிறது. தினம் 2 டாலர் வாங்கும் தொழிலாளி நிறுவனத்தோடு சரிசமமாக உட்கார்ந்து, கைக்கு இவ்வளவு உயிருக்கு இவ்வளவு என்று பேரம் பேசியதாக ஷா கற்பித்துக்கொண்டார். அப்படி ஒரு பேரம் எந்த ரயில் நிலையத்திலும் நடந்ததில்லை. ஒரு தீர்ப்பைப் படிக்கும் ஜூனியர் அதன் வாதப் படிகளைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. முதல் படி எந்த ஊகத்தின் மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தலைக்குறிப்பில் அந்த ஊகம் இருக்காது; முழுத் தீர்ப்பில்தான் இருக்கும்.

அறுபது பக்கம் தள்ளி வருவது பாஸ்டன் பூட்ஸ் தொழிலாளர் சங்கத்தின் வழக்கு. சங்கத்தில் இல்லாதவரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியிடம் உறுப்பினர்கள் வேலை செய்யக் கூடாது என்பது சங்கத்தின் விதி. அந்த விதிப்படி நடந்ததற்காக ஹண்ட் என்பவர் உள்ளிட்ட ஏழு பேர் மீது குற்றச் சதி வழக்குப் பதிவாகி, நகர நீதிமன்றம் தண்டனைக்குரியவர்கள் என்று முடிவு செய்தது. மேல்முறையீட்டில் அவர்களுக்காக வாதாடியவர் ராபர்ட் ரான்டூல். கூடிச் செயல்படுவதே சதி என்று அதுவரை அரசுத் தரப்புகள் சொல்லிவந்தன. ஷா அதை ஏற்கவில்லை. நோக்கம் குற்றமாக இருக்க வேண்டும், அல்லது வழிமுறை குற்றமாக இருக்க வேண்டும். குற்றப்பத்திரிகையில் இரண்டில் ஒன்றையாவது காட்டியாக வேண்டும் என்றார். யாரிடம் வேலை செய்வது, யாரிடம் செய்யாமல் இருப்பது என்பது ஒவ்வொருவரின் உரிமை. தனியாகச் செய்தால் குற்றமில்லாததைப் பத்துப் பேர் சேர்ந்து செய்தால் மட்டும் எப்படிக் குற்றமாகும்?

ஃபார்வெலுக்கு எதிரானது என்றும் ஹண்டுக்கு ஆதரவானது என்றும் இவற்றைப் பிரித்து, அடி வாங்கிய தொழிலாளர் பக்கத்துக்கு ஆறுதலாக இன்னொரு தீர்ப்பைத் தந்தார் என்று சொன்னவர்கள் உண்டு. அப்படிச் சமரசம் தேட வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மனிதர் தம் உழைப்பைப் பற்றிச் சுதந்திரமாக ஒப்பந்தம் செய்துகொள்பவர் என்ற நம்பிக்கைதான் அந்த வேர். சங்கத்தை விடுவித்ததும் அதே நம்பிக்கை. ஊனமுற்றவரைத் தெருவில் விட்டதும் அதே நம்பிக்கை.

சென்னையில் தொழில் செய்யும் வழக்கறிஞருக்கு ஹண்ட் வழக்கு தூரத்துக் கதை இல்லை. 1918இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்கள் மீது பின்னி ஆலை நிறுவனம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. சங்கத்தின் தலைவராக இருந்த பி.பி. வாடியா அதிலிருந்து விலகும் நிலை வந்தது. அந்த அதிர்ச்சிதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்குப் பாதை போட்டது. பதிவு பெற்ற சங்கத்தின் நோக்கத்துக்காக உறுப்பினர்கள் செய்துகொள்ளும் உடன்பாட்டைக் குற்றச் சதியாகத் தண்டிக்கக் கூடாது என்ற அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, மாசசூசெட்ஸில் நீதிபதி ஒருவர் 84 ஆண்டுகளுக்கு முன் தீர்ப்பால் எட்டிய இடத்துக்குச் சட்டமன்றத்தின் வழியாக வந்து சேர்ந்தது.

சிவில் சட்டத்தில் ஷா செய்த வேறு இரண்டு காரியங்களை இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். சண்டையிட்ட இரண்டு நாய்களை விலக்கக் கம்பை ஓங்கியவரின் கைவீச்சு பின்னால் நின்றவரின் கண்ணில் பட்டது. அந்த 1850ஆம் ஆண்டு வழக்கில், கவனக்குறைவை நிரூபித்தால்தான் இழப்பீடு என்ற விதியை அவர் நிலைநாட்டினார். சொந்த நிலமே ஆனாலும் துறைமுக எல்லையைத் தாண்டிப் படகுத்துறை கட்ட முடியாது என்று 1851இல் சொன்னதன் மூலம், பொதுநலனுக்காகச் சொத்தைக் கட்டுப்படுத்தும் அரசின் அதிகாரத்துக்கு வலுவான அடிப்படை அமைத்தார்.

குஷிங் 5ஆம் தொகுதியிலும் இதே போல இரண்டு வழக்குகள் சேர்ந்து நிற்கின்றன. பின்னால் வருவது, 295ஆம் பக்கத்தில் தொடங்கும் வெப்ஸ்டர் கொலை வழக்கு. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஜான் வெப்ஸ்டர், ஜார்ஜ் பார்க்மன் என்ற செல்வந்தரைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. 1850 மார்ச்சில் நடந்த விசாரணைக்கு ஷா தலைமை தாங்கினார். ஜூரிக்கு அவர் தந்த விளக்கத்தில் நியாயமான ஐயம் என்றால் என்ன என்பதற்குச் சொன்ன இலக்கணம் அமெரிக்க நீதிமன்றங்களில் நெடுங்காலம் அப்படியே ஒப்பிக்கப்பட்டது. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் அதன் நடையை இக்காலத்துக்கு ஏற்பப் புதுப்பித்தது 2015இல்தான்.

முன்னால், 198ஆம் பக்கத்தில் இருப்பது சாரா ராபர்ட்ஸ் என்ற ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமியின் வழக்கு. பாஸ்டனில் கறுப்பினக் குழந்தைகளுக்கென்று தனியாக ஏபியல் ஸ்மித் பள்ளி இருந்தது. சாராவின் வீட்டிலிருந்து அது 2,100 அடி. மிக அருகிலிருந்த பள்ளி 900 அடி. ஸ்மித் பள்ளிக்குப் போகும் வழியில் வெள்ளையர் பள்ளிகள் ஐந்தை அந்தக் குழந்தை கடக்க வேண்டும். தந்தை பெஞ்சமின் ராபர்ட்ஸ் அச்சுத் தொழில் செய்பவர். பக்கத்துப் பள்ளியில் இடம் மறுத்ததற்காக நகரத்தின் மீது வழக்குப் போட்டார். வாதாடியவர்கள் இருவர். ஒருவர் பின்னாளில் செனட் உறுப்பினரான சார்லஸ் சம்னர். மற்றவர் ராபர்ட் மாரிஸ். 1847இல் பதிவு செய்து, அந்நாட்டின் முதல் கறுப்பின வழக்கறிஞர்களுள் ஒருவரானவர். மாரிஸ் அப்போது தொழிலுக்கு வந்து மூன்று ஆண்டுகூட ஆகாத ஜூனியர்.

சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பதைச் சம்னர் தம் வாதத்தின் மையமாக வைத்தார். பிரித்து வைப்பதே இழிவு, கட்டடமும் ஆசிரியரும் ஒரே தரம் என்றாலும் அந்த இழிவு போகாது என்றார். ஷா அந்தக் கொள்கையை மறுக்கவில்லை. கொள்கை சரிதான் என்று ஒப்புக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் எந்த உரிமை எந்த அளவுக்கு என்பதைச் சட்டம்தான் வரையறுக்கிறது என்று நகர்ந்தார். பள்ளிகளை எப்படி அமைப்பது என்பது பள்ளிக் குழுவின் அதிகாரம். அது நியாயமான முறையில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. சாதியைப் போன்ற இந்தப் பாகுபாட்டுக்குக் காரணமான வெறுப்பைச் சட்டம் உண்டாக்கவில்லை, சட்டத்தால் மாற்றவும் முடியாது என்ற முடிவுக்கு வந்தார். கனிவான தொனியில் எழுதப்பட்ட கொடிய தீர்ப்பு அது.

வழக்கு தோற்றது. ஆனால் பாஸ்டனின் கறுப்பின மக்கள் ஓயவில்லை. மனுக்களும் புறக்கணிப்பும் தொடர்ந்தன. ஐந்தே ஆண்டில், 1855இல், நிறத்தின் பெயரால் எந்தக் குழந்தையையும் பொதுப் பள்ளியில் விலக்கக் கூடாது என்று மாசசூசெட்ஸ் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. சட்டத்தால் மாற்ற முடியாது என்று ஷா சொன்னதைச் சட்டம் மாற்றியது. சொந்த மாநிலத்தில் இப்படிப் பயனிழந்த தீர்ப்பு வெளியே போய் உயிர் பெற்றதுதான் பெருங்கேடு. பிரித்தாலும் சமமே என்ற கோட்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் ஏற்றபோது ஷாவின் தீர்ப்பை ஆதாரமாகக் காட்டியது. அந்தக் கோட்பாடு கவிழ்ந்தது 1954இல் பிரவுன் வழக்கில். 1896இல் ஷாவின் தீர்ப்பை மேற்கோள் காட்டியவர்கள் 1855ஆம் ஆண்டின் சட்டத்துக்கு உரிய எடை கொடுத்திருந்தால், பிறந்த இடத்திலேயே அந்தத் தீர்ப்பு கைவிடப்பட்டது என்ற உண்மை அவர்களைத் தடுத்திருக்க வேண்டும். ஒரு முன்தீர்ப்பைக் கையில் எடுக்கும் வழக்கறிஞர், அது பிறந்த ஊரில் பிறகு என்ன ஆயிற்று என்று தேடிப் பார்க்காமல் நீதிமன்றத்தில் நீட்டக் கூடாது.

அடிமைமுறை வழக்குகளில்தான் ஷாவின் மனமும் தொழிலும் மோதிக்கொண்டன. அவர் அடிமைமுறையை வெறுத்தவர். அது தீமை என்று 1820இலேயே ஒரு சஞ்சிகைக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். 1836இல் மெட் என்ற ஆறு வயதுச் சிறுமியின் வழக்கு வந்தது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து உடைமைக்காரப் பெண் ஒருவர் தம் தந்தையைப் பார்க்க பாஸ்டனுக்கு வந்தபோது அவளை உடன் கூட்டிவந்திருந்தார். அடிமைமுறை எதிர்ப்பு மகளிர் சங்கத்தின் முயற்சியால் ஆட்கொணர்வு மனு தாக்கலாயிற்று. உடைமைக்காரர் தாமாக விரும்பி அழைத்துவந்த அடிமை இந்த மண்ணில் சுதந்திர மனிதர் என்று ஷா தீர்ப்பளித்தார். உடைமைத் தரப்புக்கு வாதாடித் தோற்றவர் பெஞ்சமின் கர்ட்டிஸ். அவரே 1857இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக, கறுப்பினத்தவர் குடிமக்கள் ஆக முடியாது என்ற ட்ரெட் ஸ்காட் தீர்ப்பை எதிர்த்து மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். வாதாடிய தரப்பு ஒருவரின் ஆயுள் முழுவதையும் தீர்மானித்துவிடுவதில்லை.

மெட்டின் தீர்ப்பிலேயே ஷா ஒரு கதவை மூடி வைத்திருந்தார். தப்பி ஓடிவந்த அடிமைகளுக்கு இது பொருந்தாது. அவர்களைத் திருப்பி ஒப்படைக்க நாட்டின் அரசியலமைப்பே கட்டளையிடுகிறது என்று எழுதினார். 1850இல் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஜார்ஜியாவிலிருந்து தப்பி வந்திருந்த தாமஸ் சிம்ஸ் என்ற இளைஞர் பாஸ்டனில் பிடிபட்டார். கூட்டம் அவரை மீட்டுவிடாதபடி நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றி இரும்புச் சங்கிலி கட்டினார்கள். தலைமை நீதிபதி ஷா அந்தச் சங்கிலிக்குக் கீழே குனிந்துதான் தம் நீதிமன்றத்துக்குள் போனார். சிம்ஸுக்காக அவர் முன் வாதாடியவர், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பூட்ஸ் தொழிலாளர்களை அதே நீதிபதியிடம் விடுவித்த ரான்டூல். இம்முறை ஷா மறுத்தார். அந்தச் சட்டம் செல்லும் என்றார். தப்பியவர்களைத் திருப்பித் தரும் இணக்கம் இல்லாமல் அமெரிக்க ஒன்றியமே உருவாகியிருக்காது, அதை முறித்தால் ஒன்றியம் உடையும் என்பது அவர் எண்ணம். ஏப்ரல் 12 விடியும் முன்பே சிம்ஸைக் காவலர்கள் சூழக் கப்பலேற்றினார்கள். சவானா நகரில் அவருக்குப் பொது இடத்தில் சவுக்கடி விழுந்தது. பத்தே ஆண்டில், ஷா இறந்த அடுத்த மாதம், உள்நாட்டுப் போர் தொடங்கியது. எதைக் காப்பதற்காக சிம்ஸைக் கொடுத்தாரோ அது காக்கப்படவில்லை.

ஷாவின் மகள் எலிசபெத்தை 1847இல் மணந்தவர் நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில். அவர் தம் முதல் நூலை ஷாவுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். மெல்வில் 1891இல் இறந்தபோது கையெழுத்துப் படியாகவே விட்டுச்சென்ற பில்லி பட் என்ற கதை 1924இல்தான் அச்சேறியது. மனத்தளவில் குற்றமற்றவன் என்று நம்பும் மாலுமியைச் சட்டப்படி தூக்கிலிடும் கப்பல் தலைவன் அதில் வருகிறான். சட்ட அறிஞர் ராபர்ட் கவர் 1975இல் அடிமைமுறைக்கு எதிரான நீதிபதிகளின் மனச் சிக்கலைப் பற்றி எழுதிய நூலை அந்தக் கப்பல் தலைவனையும் ஷாவையும் அருகருகே வைத்துத்தான் தொடங்கினார். மாமனாரை மனத்தில் வைத்துத்தான் மெல்வில் எழுதினார் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் சட்டமா மனசாட்சியா என்ற அந்தக் கேள்வி ஷாவின் குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த கேள்வி.

இவ்வளவுக்கும் ஆதாரமான தாள்கள் மூன்று வகை. அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அச்சான தீர்ப்புத் தொகுதி ஒன்று. அதில் நீதிபதியின் முடிவோடு, பல வழக்குகளில் இரு தரப்பு வாதங்களின் சுருக்கமும் இருக்கும். மனு, குற்றப்பத்திரிகை, ஆணை என்று நீதிமன்றத்தின் சொந்தக் கட்டு இரண்டாவது. அவை மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மூன்றாவது, நீதிபதியின் சொந்தத் தாள்கள். அமெரிக்க மரபில் அவை நீதிபதியின் தனிச் சொத்தாகவே கருதப்பட்டுவந்தன. வீட்டுக்குப் போனால் வீட்டாரின் விருப்பம்தான். எரித்த குடும்பங்களும் உண்டு. நியூயார்க் மாநில உயர்நிலை நீதிமன்றத்தில் புகழ்பெற்று, பின்னர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போன பெஞ்சமின் கார்டோசோவின் தாள்களில் பெரும்பகுதி அவர் இறந்தபின் அழிக்கப்பட்டது.

ஷாவின் தாள்கள் அழியவில்லை. 1791இல் தொடங்கிய மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில், பாஸ்டனில், அவை இருக்கின்றன. நுண்படச் சுருளாகவும் எடுக்கப்பட்டுள்ளன. கடிதங்கள், வழக்கறிஞராக இருந்த காலத்துத் தொழில் தாள்கள், குடும்பத்தின் தாள்கள் என்று அவை பல வகை. ஃபிரெடரிக் சேஸ் 1918இல் எழுதிய வாழ்க்கை வரலாறும், லெனர்ட் லெவி 1957இல் வெளியிட்ட தீர்ப்பு ஆய்வும் ஷாவை அறிய இன்றும் நல்ல வாசல்கள். லெவி காலவரிசையாகப் போகாமல் அடிமைமுறை, ரயில், சங்கம், காவல் அதிகாரம் என்று பொருள் வாரியாகப் போகிறார். தொழில் செய்பவருக்கு அந்த முறைதான் உதவும்.

இப்படிப்பட்ட தாள்களைத் தொடும்போது முதலில் விட்டுவிட வேண்டியது, தீர்ப்பின் ரகசியக் காரணம் எங்கோ ஒரு கடிதத்தில் ஒளிந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பு. பெரும்பாலும் இருக்காது. அங்கே கிடைப்பது வேறு: அந்த மனிதரின் அன்றாடம். 1849 அக்டோபரில் மெல்வில் மாமனாருக்கு எழுதிய கடிதத்தில், அந்த ஆண்டு எழுதிய இரண்டு நாவல்களும் பணத்துக்காகச் செய்த வேலைகள் என்று ஒளிக்காமல் சொல்கிறார். மறு ஆண்டு மெல்வில் பிட்ஸ்ஃபீல்டில் பண்ணை வாங்க ஷா 3,000 டாலர் தந்தார். 1860இல் அந்தக் கடன்களையெல்லாம் முடித்து, பண்ணை மகளின் பெயருக்கு மாற ஏற்பாடு செய்தார். மருமகனின் கடனை இத்தனை பொறுமையோடு சுமந்த அதே மனிதர், அதே ஆண்டுகளில்தான் சிம்ஸின் மனுவைத் தள்ளினார். கெட்ட மனிதர் கெட்ட தீர்ப்பு எழுதினார் என்று முடித்துக்கொள்ளும் வசதியை இந்தத் தாள்கள் எவருக்கும் தருவதில்லை. அன்பும் நேர்மையும் உழைப்பும் உள்ளவர், தம் பதவி கட்டளையிடுவதாக நம்பியதைச் செய்தார். அது ஒரு மனிதரின் முதுகில் சவுக்காக விழுந்தது. நீதிபதியாகும் ஆசை உள்ள ஒவ்வொரு வழக்கறிஞரும் தனிமையில் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

தாள்களைப் படிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அச்சான தீர்ப்பை ஒரு வரி விடாமல் படிப்பது. பிறகு வக்கீல்களின் வாதம். நீதிபதி எதற்குப் பதில் சொன்னார், எதைத் தொடாமல் நழுவினார் என்பது அப்போதுதான் தெரியும். ராபர்ட்ஸ் வழக்கில் பிரிவினையே இழிவு என்ற வாதத்துக்கு ஷா நேராகப் பதில் சொல்லவில்லை. 104 ஆண்டு கழித்து பிரவுன் வழக்கு நின்றது அந்தப் பதில் சொல்லாத இடத்தில்தான். அதற்குப் பிறகு நீதிமன்றக் கட்டு, கடைசியாகத்தான் கடிதங்கள். கடிதத்தில் தொடங்குபவர் கதையோடு திரும்புவார். சட்டம் அவர் கையில் இருக்காது.

தொழிலில் இருப்பவர் தம் தாள்களையும் காக்க வேண்டும். இந்தியாவில் நீதிமன்றக் கட்டுகளைக் குறித்த காலம் முடிந்ததும் அழிக்க 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டம் இடம் தருகிறது. கீழமை நீதிமன்ற வழக்கொன்று நடந்ததற்கு முப்பது ஆண்டு கழித்து எஞ்சும் சாட்சி, பல நேரம், வக்கீல் வீட்டு அலமாரியில் இருக்கும் கேஸ் கட்டு மட்டுமே. கட்சிக்காரரின் ரகசியம் காக்கப்பட வேண்டியது. அதைப் பிரித்து வைத்துவிட்டு எழுத்து வாதுரைகளையும் குறிப்பேடுகளையும் தேதியிட்டு, வழக்கு எண் எழுதி வைத்திருப்பது ஜூனியர் காலத்திலேயே தொடங்க வேண்டிய பழக்கம். ஜெயித்த வழக்கின் வாதத்தைத் தீர்ப்பு சுமந்து செல்லும். தோற்ற வழக்கின் வாதத்தைச் சுமக்க ஆள் வேண்டும்.

சம்னரின் வாதத்தைச் சுமந்தவர் சிறுமியின் தந்தை. 1849 டிசம்பரில் நீதிமன்றத்தில் பேசப்பட்ட அந்த வாதத்தைப் பெஞ்சமின் ராபர்ட்ஸ் தம் பெயரிலேயே சிறுநூலாக அச்சிட்டு வெளியிட்டார். தலைப்புப் பக்கத்தில் பாஸ்டன், பி.எஃப். ராபர்ட்ஸ், 1849 என்று இருக்கும் அந்தப் பிரதிகள் இன்றும் அமெரிக்க நூலகங்களில் படிக்கக் கிடைக்கின்றன.